ரோப் காரா, தனித்தடப் பேருந்தா, படகா: ஒரு நகரத்துக்கு எது பொருந்தும் என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது?

கால்வாய்க்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் போக்குவரத்துப் பொறியியல் கற்பிக்கிறேன். இந்தப் பருவத்தில் இறுதியாண்டு மாணவர்களிடம், உலகில் ஏதேனும் ஒரு நகரம் தன் போக்குவரத்து நெருக்கடிக்குக் கண்ட புதிய வழியை எடுத்துக்கொண்டு, அது அங்கே ஏன் எடுபட்டது, சென்னைக்குப் பொருந்துமா என்று ஆராய்ந்து எழுதச் சொல்லியிருந்தேன். பொலிவியாவின் லா பாஸ் நகரத்து ரோப் கார், கொலம்பியாவின் பொகோட்டா நகரத்துத் தனித்தடப் பேருந்து, நமக்குப் பக்கத்தில் கொச்சியின் மின்கலப் படகு என்று நல்ல தேர்வுகளே வந்தன. ஆனால் ஏறத்தாழ எல்லா அறிக்கைகளும் ஒரே வரியில் முடிந்திருந்தன: "இதைச் சென்னையிலும் நடைமுறைப்படுத்தலாம்." இரண்டு குழுக்கள் பக்கிங்காம் கால்வாயில் கொச்சியைப் போலப் படகு விடுவதற்கு நிறுத்தங்களுடன் கூடிய விரிவான திட்டத்தையே வரைந்துவிட்டன.

அவற்றைத் திருத்த உட்கார்ந்தபோது எனக்கே தடுமாற்றம் வந்தது. "இது பொருந்தாது" என்று ஓரத்தில் எழுதிவிடுவது எளிது. ஏன் பொருந்தாது என்று கேட்டால், மாணவர் ஏற்கும்படியான அளவுகோல் என் கையில் இருக்க வேண்டும் அல்லவா? செலவு, மாசு, பயண நேரம் என்று பாடநூலில் உள்ள பட்டியலைக் கொடுத்தால், மூன்று திட்டங்களுமே அதில் தேறிவிடுகின்றன. எனவே இந்த ஊர்களில் வசித்தவர்கள், அந்த வண்டிகளில் அன்றாடம் பயணம் செய்தவர்கள், இத்துறையில் பணிபுரிபவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், அந்தந்தத் தீர்வு அந்தந்த ஊரில் நிலைத்ததற்கு உண்மையான காரணம் என்னவென்று விளக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விளம்பரக் குறிப்புகளில் உள்ளவை எனக்கும் தெரியும்; அவற்றில் இல்லாதவையே எனக்கு வேண்டும்.

மேட்டுநிலம் எழுதியது:

வணக்கம் ஐயா. பணி நிமித்தமாகக் கொலம்பியாவின் மெதெயின் நகரில் மூன்று ஆண்டுகள் வசித்தவன் என்ற முறையில் ரோப் காரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். லா பாஸைப் பற்றிப் பேசும்போது மெதெயினையும் சேர்த்துப் பார்த்தால்தான் செய்தி தெளிவாகும்.

மெதெயின் ஓர் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. நடுவில் ஆறு ஓடுகிறது. அதன் கரையோடு 1995 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. வசதியுள்ளவர்களும் வேலைகளும் பெரும்பாலும் கீழே; நாட்டுப்புறத்து வன்முறைக்கு அஞ்சி ஓடிவந்து தாங்களே வீடு கட்டிக்கொண்ட ஏழைகளோ மேலே, மலைச்சரிவுகளில். அந்தச் சரிவுகளில் தெரு என்று நாம் நினைப்பது அங்கே பல இடங்களில் படிக்கட்டுதான். மெட்ரோ வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அவர்களுக்கு அது கண்ணுக்குத் தெரிந்து கைக்கு எட்டாத ரயிலாகவே இருந்தது. 2004-இல் அசெவேதோ மெட்ரோ நிலையத்திலிருந்து சாந்தோ தொமிங்கோ குடியிருப்புக்கு முதல் மெட்ரோகேபிள் தடம் திறக்கப்பட்டபோது, மேலே ரோப் காரில் ஏறுபவர் அதே பயணச்சீட்டில், அதே நிலையத்துக்குள்ளேயே ரயிலுக்கு மாறிவிடலாம் என்ற ஏற்பாடும் உடன் வந்தது. என் பார்வையில் அந்தத் திட்டத்தின் உயிர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. பெட்டி வானில் போனது இரண்டாவது செய்தி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கும்படி உங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள். பத்துப் பேர் அமரும் ஒரு பெட்டி 12 விநாடிக்கு ஒருமுறை புறப்பட்டால், மணிக்கு 300 பெட்டிகள், ஒரு திசையில் 3,000 பேர். இவ்வகைத் தடங்களின் உச்ச அளவு பெரும்பாலும் இதுதான். ஒரு சமவெளி நகரின் முதன்மைச் சாலைக்கு இது மிகவும் குறைவு. ஆனால் பேருந்து ஏற முடியாத சரிவில், வீடுகளை இடிக்காமல், கோபுரங்கள் ஊன்றும் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 3,000 பேரைக் கொண்டுசெல்ல வேறு வழி அரிது. பழநியில் அடிவாரத்திலிருந்து மலைக்குச் செல்லும் ரோப் காரைப் பார்த்தவர்களுக்கு இதன் இயக்கம் புதிதல்ல. இறங்கும் பெட்டிகளின் எடை ஏறும் பெட்டிகளைத் தூக்க உதவுவதால் மின்சாரத் தேவையும் குறைகிறது.

லா பாஸ் இதிலிருந்து வேறுபட்டது. அங்கே கீழே மெட்ரோ இல்லை. சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் ஒரு கிண்ணத்துக்குள் லா பாஸ், அதன் விளிம்பில் 4,000 மீட்டருக்கும் மேலே எல் ஆல்டோ என்ற மற்றொரு பெருநகரம், இரண்டுக்கும் இடையே வளைந்து வளைந்து ஏறும் சாலைகளில் நெருக்கியடிக்கும் சிற்றுந்துகள். 2014-இல் முதல் தடத்தைத் திறந்து, ஐந்தே ஆண்டுகளில் பத்துத் தடங்களாகச் சுமார் 30 கி.மீ. நீளத்துக்கு வளர்த்தார்கள். அங்கே ரோப் கார்தான் முதுகெலும்பு. மெதெயினில் அது முதுகெலும்போடு இணையும் விலா எலும்பு. ஒரே இயந்திரம் இரண்டு ஊர்களில் இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு தோல்வியையும் அவர்கள் படிக்க வேண்டும். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், அலெமாவோ குன்றுகளின் மேல் ஆறு நிலையங்களுடன் 3.5 கி.மீ. நீள ரோப் கார் 2011-இல் திறக்கப்பட்டது. அதுவும் புறநகர் ரயில் நிலையத்தோடு இணைந்திருந்தது. குடியிருப்போருக்கு நாளொன்றுக்கு ஒருமுறை சென்றுவரக் கட்டணமும் இல்லை. ஆயினும் 2016-இல் நின்றுபோனது. மாநில அரசின் நிதி நெருக்கடியில், இயக்கும் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க முடியாமல் போயிற்று. நிலையங்கள் குன்றுகளின் உச்சியில் அமைந்திருந்தமையால், சரிவின் நடுவில் வசித்தவர்கள் கீழே போவதற்காக முதலில் மேலே ஏற வேண்டியிருந்தது. கழிவுநீர் வசதியே இல்லாத இடத்தில் இது எங்கள் முதல் தேவையா என்று அம்மக்கள் தொடக்கத்திலேயே கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுவதற்குப் பணம் தேடுவதைவிட, மாதந்தோறும் இயக்குவதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியே கடினமானது என்பதை எனக்கு உணர்த்தியது ரியோதான்.

நடத்துநர் மகள் எழுதியது:

வணக்கம். மேட்டுநிலம் அவர்கள் இறுதியில் எழுதிய வரியிலிருந்தே தொடர்கிறேன். நான் பேருந்து நிறுவனங்களின் வரவுசெலவை ஆராய்வதைத் தொழிலாகக் கொண்டவள். என் தந்தை ஒரு தனியார் பேருந்தில் முப்பது ஆண்டுகள் நடத்துநராக இருந்தார். அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி வசூல் படி. அன்றைய நடைகளில் எவ்வளவு வசூலோ அதற்கேற்ப அவருக்கும் ஓட்டுநருக்கும் பங்கு. முன்னால் போகும் வண்டியை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் கூட்டம் நமக்கு என்பதால், ஓட்டுநர் ஏன் அப்படி விரட்டினார் என்று அப்பாவைக் கேட்டால், "படி வேண்டாமா?" என்பார். அவர் பொல்லாதவர் அல்லர். அவருக்குச் சம்பளம் கொடுத்த முறைதான் அப்படி அமைந்திருந்தது.

பொகோட்டாவைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது இதுதான். 2000-க்கு முன்பு அங்கேயும் இதே நிலைதான். பேருந்து உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் ஏறும் தலைக்கணக்கில் வருமானம். சாலையின் எந்த இடத்திலும் நிறுத்தி ஆள் ஏற்றுவது. ஒருவரை ஒருவர் விரட்டுவது. அவ்வூர் மக்கள் இதற்கு வைத்த பெயர் "சென்தாவோ போர்", அதாவது சில்லறைக் காசுக்கான போர். என்ரிகே பெனலோசா மேயராக இருந்தபோது, 2000 டிசம்பரில் டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தடப் பேருந்துச் சேவை தொடங்கப்பட்டது. நடுச்சாலையில் தனித்தடம், பேருந்தின் தளமட்டத்துக்கு உயர்ந்த மேடை, ஏறும் முன்பே கட்டணம் என்பவற்றை எல்லா அறிக்கைகளும் எழுதும். அவற்றுக்கு அடியில் இருந்த மாற்றம், கட்டணத்தை ஒரு தனி நிறுவனம் வசூலித்துப் பொது நிதியில் சேர்ப்பதும், தனித்தடங்களில் வண்டி இயக்கும் நிறுவனங்களுக்கு முதன்மையாக ஓடிய கிலோமீட்டர் கணக்கில் பணம் தருவதுமாகும். அந்த நாளில் அந்தத் தடங்களில் ஓட்டுநர் பயணியைத் துரத்துவதை விட்டார். தென் கொரியாவின் சோல் நகரம் 2004 ஜூலையில் தன் பேருந்துகளைச் சீரமைத்தபோதும் வருமானத்தைப் பொதுவில் சேர்த்து ஓடிய கிலோமீட்டருக்குக் கொடுக்கும் முறையையே அடிப்படையாகக் கொண்டது.

இனிக் கொள்ளளவு. தனித்தடப் பேருந்துக்கு முன்னோடி பிரேசிலின் குரிச்சிபா, 1974-இல் தொடங்கியது. அங்கே தொடக்கத்தில் ஒரு திசைக்கு ஒரே தடம்தான். பொகோட்டா, நிலையங்களில் பேருந்து பேருந்தைக் கடந்து செல்லும்படி இரண்டாவது தடத்தையும் கொடுத்தது; அதனால் எல்லா நிறுத்தங்களிலும் நிற்கும் வண்டியும் விரைவு வண்டியும் ஒரே சாலையில் ஓட முடிந்தது. காரகாஸ் நெடுஞ்சாலையில் உச்ச நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு சுமார் 45,000 பேர் என்ற அளவை அது எட்டியதற்கு இந்த ஒற்றைக் கூடுதல் தடமே முதன்மைக் காரணம். அதற்கான அகலம் அந்தச் சாலைகளில் இருந்தது என்பதோடு, அந்த அகலத்தைக் கார்களிடமிருந்து எடுக்கும் துணிவு ஒரு மேயரிடமும் இருந்தது. தில்லியில் 2008-இல் திறந்த 5.8 கி.மீ. பேருந்துத் தடத்தை 2016-இல் இடித்துவிட்டார்கள். அங்கே பக்கத்துத் தடத்தில் கார்கள் தேங்குவதையே எல்லாரும் எண்ணினார்கள். பேருந்துத் தடத்தில் எத்தனை பேர் சென்றார்கள் என்பதைக் கேட்டவர்கள் குறைவு.

பொகோட்டாவைக் குறையற்றதாகக் காட்ட மாட்டேன். நெரிசல் தாங்காமல் 2012 மார்ச்சில் பயணிகள் நிலையங்களை மறித்துப் போராடினார்கள். கிலோமீட்டர் கணக்கில் பணம் தரும் முறைக்கு அதன் நோயும் உண்டு: கட்டண வருவாயிலேயே எல்லாவற்றையும் ஈடுகட்ட நினைத்தால், வண்டிகளைக் குறைத்து ஒவ்வொன்றிலும் ஆட்களைத் திணிப்பதுதான் கணக்குக்கு நல்லதாகத் தோன்றும். அந்நகரம் பின்னர் 1,400-க்கும் மேற்பட்ட மின்பேருந்துகளை வாங்கியது. அவை தனித்தட முதன்மைச் சாலைகளுக்கு அல்ல, அவற்றுக்கு வெளியே உள்ள வட்டாரத் தடங்களுக்கு. மெட்ரோவையும் கட்டி வருகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் சரியாக இருந்த விடை, ஊர் வளர்ந்த பின் தனியாகப் போதவில்லை என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வைற்றிலவாசி எழுதியது:

வணக்கம். தேனியிலிருந்து வந்து பதினோரு ஆண்டுகளாகக் கொச்சியில் வசிக்கிறேன். நீர்மெட்ரோ எனப்படும் மின்கலப் படகுச் சேவையில் வைற்றிலவிலிருந்து காக்கநாட்டுக்கு வாரத்தில் ஐந்து நாள் போய்வருகிறேன். அந்தப் படகுகளின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. அதனாலேயே பக்கிங்காம் கால்வாய்த் திட்டத்தைப் படித்தபோது கவலையாக இருந்தது.

முதலில், கொச்சி தண்ணீருக்குள் புதிதாகப் போகவில்லை. அது எப்போதும் தண்ணீரில் இருந்த ஊர். காயலுக்கு நடுவே உள்ள தீவுகளில் மக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும்வரை வைப்பின் தீவுக்காரர்களுக்கு எர்ணாகுளம் வரப் படகைத் தவிர நேர்வழி இல்லை. பாலம் வந்ததும் பேருந்து வந்தது. ஆனால் அந்தப் பேருந்துகள் நகருக்குள் நுழையாமல் உயர் நீதிமன்றச் சந்திப்போடு நின்றுவிட, அங்கே இறங்கி வேறு வண்டி பிடிப்பது நெடுங்காலக் குறையாக இருந்தது. ஆக, 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் - வைப்பின் தடத்தில் நீர்மெட்ரோ தொடங்கியபோது, ஏற்கெனவே பழக்கமிருந்த ஒரு பயணத்தைத்தான் அது மேம்படுத்தியது. ஆள் இல்லாத இடத்தில் ஆளை உருவாக்கவில்லை.

இரண்டாவதாக, படகின் அமைப்பைப் பாருங்கள். கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய நூறு பேர் படகு; அலுமினியத்தால் ஆன இரட்டை உடல். வேகமாகப் போனாலும் அலை குறைவாக எழும்புவதால் சிறு தோணிக்காரர்களுக்கும் கரைக்கும் பாதிப்பு குறைவு. மின்கலம் லித்தியம் டைட்டனேட் வகை. ஒரே எடையில் மற்ற வகைகளைவிடக் குறைவான மின்சாரத்தையே இது சேமிக்கும்; ஆனால் பத்து, பதினைந்து நிமிடங்களில் மின்னேற்றிக்கொள்ளும். குறுகிய தூரம் ஓடி, துறையில் நிற்கும்போதெல்லாம் மின்னேற்றிக்கொள்ளும் பயணத்துக்கு இதுவே ஏற்றது. படகில் டீசல் மின்னாக்கியும் மாற்று ஏற்பாடாக உண்டு. துறையில் மிதவை மேடை இருப்பதால் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மேடையும் படகோடு சேர்ந்து எழுந்து தாழ்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் யாருடைய கையையும் பிடிக்காமல் படகுக்குள் போகலாம். முழங்கால் வலியுள்ள என் மாமியார் பழைய ஜெட்டிகளில் கால் வைக்கவே பயந்தவர்; இப்போது தனியாகப் போய்வருகிறார். எந்தப் புள்ளிவிவரத்தையும்விட எனக்கு இது பெரிது.

மூன்றாவதாக, மேட்டுநிலம் அவர்கள் போட்ட கணக்கையே இங்கேயும் போடுங்கள். நூறு பேர் படகு பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு திசையில் மணிக்கு 600 பேர். பத்துப் பேருந்துகளில் அடங்கும் கூட்டம். கொச்சித் திட்டம் முழுமையாக நிறைவேறும்போது 78 படகுகள், 38 துறைகள், பத்துத் தீவுகள் என்று விரிய வேண்டும். அப்போதும் அது தரையில் ஓடும் நெரிசலைக் கரைக்கும் கருவி அல்ல. தீவில் இருப்பவரைச் சுற்றுவழியிலிருந்து விடுவிப்பதே அதன் வேலை. கட்டணத்தையும் மறக்கக்கூடாது. 2023-இல் தொடங்கியபோது குறைந்த கட்டணம் 20 ரூபாய். பழைய அரசுப் படகில் இன்றும் பத்து ரூபாய்க்குள் கடக்கலாம். கூலி வேலைக்குச் செல்பவர்கள் அந்தப் பழைய படகுக்காகவே காத்து நிற்பதை உயர் நீதிமன்றத்துக்கு அருகே காலையில் பார்க்கலாம்.

இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைற்றிலவில் பேருந்து முனையமும் மெட்ரோ நிலையமும் படகுத்துறையும் ஓரிடத்தில் இருப்பது நல்வாய்ப்பு. மறுமுனையில் காக்கநாட்டுத் துறையிலிருந்து அலுவலக வளாகங்களுக்கு இன்னும் சில கிலோமீட்டர் உண்டு. இணைப்புப் பேருந்து இருப்பதால்தான் என்னைப் போன்றவர்கள் வண்டியை வீட்டில் விட்டுவருகிறோம். அது இல்லாவிட்டால் அந்த இருபது நிமிட அழகிய பயணம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் ஆகும். மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை மிதந்து வந்து அடைக்கும், தூர் சேரும். வழியைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் செலவு சாலைக்கு மட்டுமல்ல, தண்ணீருக்கும் உண்டு.

அண்டையில் பார்க்க வேண்டிய இன்னொன்று, வைக்கம் - தவணக்கடவு தடத்தில் 2017 முதல் ஓடும் சூரிய மின்படகு ஆதித்யா. 75 பேர் செல்லும் சிறிய படகு. புதிய துறை இல்லை, பெரிய விளம்பரம் இல்லை. பழைய கட்டணத்தில் பழைய தடத்தில் டீசலை மட்டும் விலக்கியது. மாணவர்கள் அதையும் ஒரு புதுமையாகக் கருத வேண்டும் என்று விரும்புகிறேன்.

கால்வாய்க்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மணிக்கு எத்தனை பேர் என்ற கணக்கை மாணவர்களிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் பிழை. இருப்பினும் கால்வாயை முற்றிலும் கைவிட மனம் ஒப்பவில்லை. பக்கிங்காம் கால்வாய் ஒரு காலத்தில் உண்மையிலேயே நீர்வழிதானே? விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் ஆந்திரத்திலிருந்து சென்னை வரை வந்த வழி அது. 2008-இல் தேசிய நீர்வழி எண் 4-இன் ஒரு பகுதியாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நகருக்குள் உள்ள பகுதியில் அதைப் பயணத்துக்கு மீட்பது வீண் என்று சொல்வதற்கு என்ன ஆதாரம்?

ஓக்கியமடு எழுதியது:

ஐயா, வணக்கம். தென்சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் இருபது ஆண்டுகளாகச் சமூகப் பணி செய்கிறேன். உங்கள் கேள்வி எனக்கு நேரடியாகத் தொடர்புடையது.

கால்வாயின் முதற்பகுதி 1806-இல் எண்ணூர் வரை வெட்டப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நகரப் பகுதி 1876-78 பஞ்சத்தின்போது, பட்டினியில் வந்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்டிய பகுதி. இன்று அந்தப் பகுதியில் நின்று பாருங்கள். 1995-இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்கு உள்ளேயே ஊன்றியிருக்கின்றன. பல இடங்களில் நிலையக் கட்டடமே கால்வாயின் மேல் அமர்ந்திருக்கிறது. படகு திரும்ப அகலம் இல்லை, ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர். இவற்றையெல்லாம் பெருஞ்செலவில் நீக்கினாலும், அதே வழியில் தலைக்கு மேலே ரயில் ஓடுகிறது. ஒரு மின்ரயில் ஒரே நடையில் கொண்டுசெல்லும் கூட்டத்துக்கு வைற்றிலவாசி அவர்கள் கணக்குப்படி படகு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அந்த ரயில் நெடுங்காலம் கூட்டமின்றி ஓடியதற்குக் காரணம், நிலையத்துக்கு நடந்து செல்லும் வழியும் நிலைய வாசலில் பேருந்தும் சரிவர அமையாததுதான். ஆகவே கால்வாய்க்கரையில் செலவிட வேண்டிய முதல் ரூபாய் படகுக்கு அல்ல; ஏற்கெனவே கட்டிய நிலையங்களுக்கு வெளிச்சமுள்ள நடைபாதை அமைப்பதற்கு. கால்வாய் முதலில் மழைநீர் வடிகால். பள்ளிக்கரணைச் சதுப்பின் நீர் ஓக்கியம் மடுவு வழியாக அதன் தென்பகுதியை அடைந்துதான் கடலுக்குப் போகிறது. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வழியில் எந்தத் தடையும் கூடாது என்பது தெரியும்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மெதெயினில் மலைச்சரிவில் இருந்த மக்களைத் தேடிப் போக்குவரத்து போயிற்று. நாம் செய்தது தலைகீழ். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் இருந்த குடும்பங்களை 2000 முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுசென்று குடியமர்த்தினோம். முன்பு மயிலாப்பூரில் நடந்து போய் நான்கு வீடுகளில் வேலை செய்த பெண், இருபது கிலோமீட்டர் தொலைவிலிருந்து அதே நான்கு வீடுகளுக்கு வர வேண்டியதாயிற்று. காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்க அவர் அங்கே இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பலர் முதலில் ஒரு வீட்டை விட்டார்கள், பிறகு இரண்டாவது வீட்டை. பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் கொடுத்தது போக மிச்சமில்லை என்று கடைசியில் வேலையையே விட்டவர்களும் உண்டு.

2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்தபோது, எங்கள் பகுதியில் அதன் பயன் சில வாரங்களிலேயே தெரிந்தது. விட்ட வேலைக்குத் திரும்பியவர்களை நான் பெயர் சொல்லிக் காட்ட முடியும். புதிய வண்டி இல்லை, தூண் இல்லை, மிதவை இல்லை. ஆயினும் உங்கள் மாணவர்கள் தேடும் அளவுகோலில் இதை முதலில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் போன பிறகு மீதமிருக்கும் குறை, விடியற்காலையில் வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதே. இலவசமாகப் போகும் உரிமை இருந்து, சாதாரணக் கட்டணத்துக்குரிய வெள்ளைப் பலகைப் பேருந்து வராமல், ஐம்பது ரூபாய் கொடுத்து ஆட்டோவில் போகும் நாள்கள் இன்னும் உண்டு.

சிங்கைவழி எழுதியது:

வணக்கம். சுருக்கமாக ஒன்றைச் சேர்க்கிறேன். இதுவரை எல்லாரும் புதிதாக எதை ஓட்டுவது என்று பேசினோம். இருப்பதில் எதைக் குறைப்பது என்பதும் தீர்வுதான். சிங்கப்பூர் 1975 ஜூனில், காலை நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு மூன்று வெள்ளி (டாலர்) வசூலிக்கத் தொடங்கியது. கருவி எதுவும் இல்லை. கண்ணாடியில் ஒட்டும் சீட்டும் நுழைவிடங்களில் காவலரும் மட்டுமே. அந்த நேரத்தில் நுழையும் வாகனங்கள் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. எல்லைக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் வருவதற்காக அமைத்த நிறுத்தகங்கள் எதிர்பார்த்தபடி பயன்படவில்லை என்பதும் உண்மை. மக்கள் வேறு வழிகளைக் கண்டுகொண்டார்கள். 1998-இல்தான் மின்னணு முறை வந்தது.

சுவீடனின் ஸ்டாக்ஹோம் இத்தகைய கட்டணத்தை 2006-இல் ஏழு மாதம் சோதனையாக நடத்திப் பார்த்து, பின்பு வாக்கெடுப்பு வைத்து, 2007-இல் நிலையாக்கியது. சோதனைக்கு முன்பு எதிர்த்தவர்களில் பலர் அதை அனுபவித்த பிறகு மாறினார்கள். ஆனால் பேருந்து அடிக்கடி வராத ஊரில் இதை முதலில் செய்தால், காரில்லாதவருக்கு நன்மை எதுவும் வராமல் காருள்ளவரின் கோபம் மட்டும் மிஞ்சும். நடத்துநர் மகள் சொன்ன பேருந்துச் சீரமைப்பும் இதுவும் சேர்ந்தே நடக்க வேண்டும். காரிடமிருந்து மீளும் சாலைப் பரப்புதான் பேருந்துக்குத் தடமாகும்.

கால்வாய்க்கரை எழுதியது:

ஓக்கியமடு அவர்களின் பதிலை இரண்டு முறை வாசித்தேன். அந்தத் தூண்களை நான் அன்றாடம் கடந்து போகிறவன். ஆனாலும் கால்வாயை ஒரு வரைபடக் கோடாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். படகுத் திட்டத்தைக் கைவிடுகிறேன். அந்த இரு குழுக்களிடமும் நாளை பேசுவேன். அவர்கள் உழைப்பு வீணல்ல, கொச்சியை அவர்கள் ஆராய்ந்த பகுதி நன்றாகவே இருக்கிறது என்பதையும் சொல்வேன்.

பணியையும் மாற்றி அமைக்கிறேன். நகரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, நேரத்தை இழக்கும் மனிதர் யார், எங்கிருந்து எங்கே, எந்த மணிக்குப் போக வேண்டியவர் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அடுத்து, அந்த வழியில் மணிக்கு எத்தனை பேர் என்று தாங்களே நின்று எண்ணிக் கொண்டுவர வேண்டும். வண்டியின் பெயரை அதற்குப் பிறகுதான் எழுதலாம். எழுதும்போது, அதன் மறுமுனையில் எதனோடு இணைகிறது என்றும், திறப்பு விழா முடிந்த பத்தாவது ஆண்டில் அதன் மாதச் செலவை யார் கொடுப்பார் என்றும் கட்டாயம் சொல்ல வேண்டும். ரியோவை ஒரு குழுவுக்கு நானே ஒதுக்கப் போகிறேன்.

ஓக்கியமடு அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரும்பாக்கத்தில் காலை நாலரை மணியிலிருந்து ஏழு மணி வரை பேருந்து நிறுத்தத்தில் ஆறு மாணவர்களை ஒரு வாரம் நிறுத்தி, வரும் வண்டிகளையும் ஏறுபவர்களையும் ஏற முடியாமல் நிற்பவர்களையும் எண்ணச் சொல்ல விரும்புகிறேன். அங்குள்ள பெண்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட்டு இதைச் செய்ய உங்கள் உதவி தேவை. இயலுமா?

ஓக்கியமடு எழுதியது:

இயலும் ஐயா. நாலரைக்கு வேண்டாம், நான்கு மணிக்கே வரச் சொல்லுங்கள். முதல் கூட்டம் அப்போதே நிறுத்தத்தில் இருக்கும். மாணவிகளும் குழுவில் இருந்தால் நல்லது, பெண்கள் தயங்காமல் பேசுவார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறுபவர்களையும் தனியாக எண்ண வேண்டும். பேருந்து வராததால் யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை எங்கள் மகளிர் குழுக் கூட்டம் உள்ளது. அங்கே முதலில் பேசிவிட்டு உங்களுக்குத் தெரிவிக்கிறேன்.